கும்பிடுபூச்சி தன் இணையை ஏன் தின்கிறது?

என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. ஒரு நாள் மாலை, படப்புத்தகம் ஒன்றை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்தவள், "அத்தை, இந்தப் பூச்சி ஏன் தன்னோட வீட்டுக்காரரையே தின்னுது?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் கும்பிடுபூச்சியின் பெரிய படமும் அதன் கீழே இரண்டே வரிகளும் இருந்தன. பெண் கும்பிடுபூச்சி மிகக் கொடியது என்றும், இணைசேர்ந்த உடனே ஆணைக் கொன்று தின்றுவிடும் என்றும் அந்த வரிகள் கூறின. எப்படி, எதனால், எப்போதுமே அப்படித்தானா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அந்த வரிகளின் மீது உண்மையாகவே கோபம் வந்தது. ஓர் உயிரைப் பற்றிய முதல் சித்திரம் ஒரு குழந்தையின் மனத்தில் விழுகிற இடத்தில், "கொடியது" என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவளுக்கு நான் சொன்ன பதில் நீண்டது. சொல்லி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அவள் வயதுக் குழந்தைகள் தாங்களே படிக்கவும், இன்னும் சிறியவர்களுக்குப் பெரியவர்கள் படித்துக் காட்டவும் ஏற்றபடி அதை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்வி இணைசேர்வதைப் பற்றியதுதான். ஆனால் அந்தப் பூச்சி எப்படி வேட்டையாடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், வேட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்னங்கால்களை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு நிற்பதால் இதற்குக் கும்பிடுபூச்சி என்று பெயர். இடையன் பூச்சி, பெருமாள் பூச்சி, தயிர்க்கடைப் பூச்சி என்றும் சொல்வதுண்டு. உலகில் ஏறத்தாழ 2,400 இனங்கள் இருக்கின்றன. வெட்டுக்கிளியைப் போலத் தோன்றினாலும் இதன் நெருங்கிய உறவினர்கள் கரப்பான்பூச்சியும் கறையானும்தான் என்று சொன்னபோது அவள் முகத்தைச் சுளித்தாள். எனக்கோ அந்த உறவு மிகவும் பிடிக்கும். கிடைத்ததையெல்லாம் தின்னும் கரப்பானும், மரத்தைத் தின்னும் கறையானும் இருக்கிற குடும்பத்தில், உயிரோடு அசைவதை மட்டுமே தேடித் தின்னும் ஒரு வேட்டைக்காரன் பிறந்திருக்கிறான்.

மடக்கிய அந்த முன்னங்கால்களை நன்றாகப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உங்கள் முழங்கையை மடக்கி, முன்கையை மேற்கையின் மீது படியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேற்கையின் உட்புறம் முழுவதும் இரண்டு வரிசை முட்கள் இருப்பதாகவும், முன்கையிலும் அவற்றை எதிர்நோக்கி முட்கள் இருப்பதாகவும், விரல்களுக்குப் பதிலாக வளைந்த ஒரு கொக்கி இருப்பதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். மடக்குக் கத்தியின் அலகு பிடிக்குள் சென்று பொருந்துவதைப் போலவே கும்பிடுபூச்சியின் முன்னங்காலின் கீழ்ப்பகுதி தொடைப்பகுதியின் மேல் வந்து பொருந்துகிறது. இடையில் எது அகப்பட்டாலும் இரு பக்க முட்களும் அதைக் குத்திப் பிடித்துக்கொள்கின்றன. நாம் கும்பிடுவதாக நினைக்கும் அந்த நிலை, வில்லை நாணேற்றி வைத்திருக்கும் நிலை.

நான் ஒரு முறை செடித்தண்டு ஒன்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த பச்சைக் கும்பிடுபூச்சியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பெரும்பகுதி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை; நடக்காத அந்த நேரமும் வேட்டையின் பகுதிதான் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். ஓர் ஈ வந்து சற்றுத் தள்ளியிருந்த இலையில் அமர்ந்தது. பூச்சியின் உடல் அசையவில்லை. முக்கோணத் தலை மட்டும், நாம் கழுத்தைத் திருப்புவதைப் போலவே, மெல்ல ஈயின் பக்கம் திரும்பியது. தலையை இப்படித் தாராளமாகத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னாலும் பார்க்கக்கூடிய பூச்சிகள் மிகக் குறைவு. பிறகு அது உடலை இடமும் வலமுமாக லேசாக ஆட்டியபடி, காற்றில் ஆடும் இலையின் தாளத்தில், ஒரு கால் பின் ஒரு காலாக நகர்ந்தது. ஈ தன் முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கணம் ஈ இலையில் இல்லை. நடுவில் நடந்ததை என் கண் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அந்தப் பாய்ச்சல் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாம் ஒரு முறை இமைப்பதற்குள் முடிந்துவிடும் செயல் அது.

அதன் பிறகு நடந்ததைக் குழந்தைகளிடம் மறைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கும்பிடுபூச்சிக்கு நஞ்சு கிடையாது. சிலந்தியைப் போல இரையை மயக்கி வைக்கவோ, நூலால் சுற்றி வைக்கவோ அதனால் முடியாது. பிடித்த கையோடு, உயிரோடு இருக்கும்போதே, பெரும்பாலும் கழுத்துப் பக்கமிருந்து தின்னத் தொடங்குகிறது. நாம் சோளக்கதிரைப் பிடித்துக் கடிப்பதைப் போல இரண்டு முன்னங்கால்களாலும் ஈயைப் பிடித்துத் தின்று முடித்தது. கடைசியில் இறக்கைகள் கீழே உதிர்ந்தன. பிறகு அது முன்னங்காலின் ஒவ்வொரு முள்ளையும் வாயில் வைத்து இழுத்துச் சுத்தம் செய்தது; தொடைப்பகுதியில் உள்ள மெல்லிய முடிக்கற்றையால் கண்ணையும் துடைத்துக்கொண்டது. கண்ணுக்கென்றே தனியாக ஒரு தூரிகையை வைத்திருக்கும் அளவுக்கு அதற்குக் கண் முக்கியம்.

அந்தக் கண்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். "அத்தை, நான் எந்தப் பக்கம் போனாலும் அது என்னையே பார்க்குது" என்று என் அண்ணன் மகள் சொல்லியிருக்கிறாள். அவள் கண்டது, கும்பிடுபூச்சியின் பெரிய கண்களில் தெரியும் சிறு கறுப்புப் புள்ளியை. நாம் இடப்பக்கம் நகர்ந்தால் புள்ளியும் நகர்கிறது. உண்மையில் அது கண்மணி அல்ல. கூட்டுக்கண் என்பது ஆயிரக்கணக்கான சிறு கண்ணறைகள் நெருக்கமாக அமைந்த ஒன்று. ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு திசையை நோக்கியிருக்கிறது. அவற்றுள் நம்மை நேராக நோக்கும் சில அறைகள் தம்மீது விழும் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் அவை மட்டும் நமக்குக் கறுப்பாகத் தெரிகின்றன. ஆகவே பத்துப் பேர் சுற்றி நின்றாலும், பத்துப் பேருக்கும் அந்தப் புள்ளி தன்னையே பார்ப்பதாகத் தோன்றும்.

இன்னொரு சிறப்பு இதைவிடப் பெரியது. கையை நீட்டி ஒரு விரலை உயர்த்தி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவுவதைப் போலத் தோன்றும். இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று நம் மூளை கணக்கிடுகிறது. பூச்சிகளில் இந்தத் திறமை உண்டு என்று உறுதியாகக் காட்டப்பட்டிருப்பது கும்பிடுபூச்சிக்கு மட்டும்தான். சாமுவேல் ரோசல் என்ற ஆய்வாளர் 1983-இல் அதன் கண்களுக்கு முன்னால் முப்பட்டகக் கண்ணாடிகளை வைத்துக் காட்சியைச் சற்று இடம் மாற்றியபோது, அது தவறான தொலைவில் பாய்ந்ததைக் கண்டார். 2016-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட், விவேக் நித்யானந்தா ஆகியோரின் குழு, ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் பச்சையுமாக மிகச் சிறிய மூக்குக்கண்ணாடிகளைச் செய்து, தேன்மெழுகால் கும்பிடுபூச்சியின் முகத்தில் ஒட்டித் திரைப்படம் காட்டியது. திரையில் ஓடிய புள்ளி தனக்கு அருகில் மிதப்பதைப் போலத் தோன்றியபோது பூச்சி அதைப் பிடிக்கப் பாய்ந்தது. மெழுகை எடுத்தால் கண்ணாடி எளிதாக வந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

அதே குழு 2018-இல் கண்டறிந்ததுதான் நம் கேள்விக்கு மிகவும் நெருங்கியது. நாம் இரு கண்களின் காட்சிகளையும் முழுமையாக ஒப்பிட்டுத் தொலைவை அறிகிறோம். அசையாத படத்திலும் நம்மால் ஆழத்தைக் காண முடிகிறது. கும்பிடுபூச்சியோ காட்சியில் எந்த இடம் மாறுகிறது என்பதை மட்டுமே இரு கண்களுக்கும் இடையில் ஒப்பிடுகிறது. அசைவு இருக்கும் இடத்தில்தான் அதற்குத் தொலைவு தெரிகிறது. அசையாமல் நிற்கும் ஓர் ஈ அதற்கு இலையின் ஒரு பகுதியைப் போன்றதுதான். அசைந்தால் மட்டுமே அது இரையாகிறது.

கும்பிடுபூச்சி இன்னதைத்தான் தின்னும் என்று பட்டியல் போட முடியாததற்கும் இதுவே காரணம். ஈ, விட்டில், வெட்டுக்கிளி, தேனீ, வண்ணத்துப்பூச்சி ஆகியவை அதன் அன்றாட உணவு. பெரிய இனங்கள் ரீங்காரச் சிட்டு போன்ற சின்னஞ்சிறு பறவைகளையும் பிடித்த நிகழ்வுகள் உண்டு. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகெங்கிலுமிருந்து அப்படிப்பட்ட 147 நிகழ்வுகளைத் திரட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கர்நாடகத்தில் ஒரு மாடித்தோட்டக் குளத்தில் ஓர் ஆண் கும்பிடுபூச்சி இலையின் மேல் நின்றபடி ஐந்து நாட்களில் ஒன்பது கப்பி மீன்களைப் பிடித்துத் தின்றது பதிவாகியிருக்கிறது. தன் இனத்துப் பூச்சியையே அது தின்பதும் இதில் அடங்கும். பார்ப்பது அசைகிறதா, தன் பிடிக்கு அடங்கும் அளவில் இருக்கிறதா, கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்ற மூன்றைத்தான் அந்தக் கண் கவனிக்கிறது. உறவு பார்ப்பது அதன் வேலையே இல்லை.

இப்போது ஆண் கும்பிடுபூச்சியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்களைவிடப் பெரியவளும், அசைவதையெல்லாம் இரையாகக் காண்பவளுமான ஒருத்தியிடம் நீங்கள் போயாக வேண்டும். போகாவிட்டால் உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அசையாமல் போகவும் முடியாது.

முதலில் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். இலை நிறத்தில் இலை போலவே நிற்பவளைக் கண்ணால் தேடினால் கிடைக்க மாட்டாள் என்பதால், ஆண் மணத்தைக் கொண்டு தேடுகிறது. இணைசேரத் தயாரான பெண் தன் உடலிலிருந்து ஒருவகை மணத்தைக் காற்றில் விடுகிறது. நம் மூக்குக்கு அது எட்டாது. ஆணின் உணர்கொம்புகள் பெண்ணுடையவற்றைவிட நீளமாகவும், அந்த மணத்தை வாங்கும் நுண்ணிய புலன் முடிகள் நிறைந்தவையாகவும் இருக்கின்றன. பல இனங்களில் ஆண் உடல் மெலிந்தும், நீண்ட இறக்கைகளோடும், பெண் உடல் பருத்தும், பறக்க முடியாமலும் அல்லது மிகக் குறைவாகவே பறப்பதாகவும் இருக்கும். ஆகவே தேடிப் போவது ஆணின் பொறுப்பாகிறது; பெரும்பாலும் இரவில்.

இரவில் பறப்பவனுக்கு வௌவால் பகை. இதற்காக ஆணிடம் இருக்கும் ஏற்பாடு எனக்கு எப்போதுமே வியப்பளிப்பது. கும்பிடுபூச்சிக்கு ஒரே ஒரு காதுதான் உண்டு. அதுவும் தலையில் இல்லை, மார்பின் அடிப்பக்கத்தில், பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. டேவிட் யேகர், ரொனால்ட் ஹோய் என்ற இருவர் 1986-இல் இதை விளக்கி எழுதும் வரை கும்பிடுபூச்சி செவிடு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். நமக்குக் கேட்காத, வௌவால் எழுப்பும் மீயொலிதான் அந்தக் காதுக்குக் கேட்கிறது. கேட்ட உடனே பறந்துகொண்டிருக்கும் பூச்சி சட்டென்று திரும்பித் தரையை நோக்கிச் சரிகிறது. பெண் பறக்காத இனங்களில் பெண்ணின் காது சிறுத்துப் போயிருப்பதைக் காணும்போது, அது யாருடைய பயணத்துக்காக உண்டான காது என்பது விளங்கும்.

பெண் இருக்கும் செடியை அடைந்த பின்புதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. ஆண் பெரும்பாலும் அவளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஓரடி வைக்கும், நிற்கும். அவள் தலை சற்றுத் திரும்பினாலும், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே உறைந்துவிடும். அந்த நிலையில் பல நிமிடங்கள்கூட நிற்கும். காற்று வீசி இலைகள் அசையும்போது அதுவும் கொஞ்சம் முன்னேறும். நான் பார்த்த ஈ வேட்டையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: அதே மெதுவான அடி, அதே ஆட்டம், அதே காத்திருப்பு. இரையை நெருங்கக் கற்றதையெல்லாம் ஆண் இங்கே தன் இணையை நெருங்கப் பயன்படுத்துகிறது. கடைசியில் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒரே தாவலில் அவள் முதுகில் ஏறிப் பற்றிக்கொள்கிறது. அங்கே அவளுடைய முன்னங்கால்கள் எட்டுவது கடினம். இணைசேர்தல் மணிக்கணக்கில் நீடிக்கும். முடிந்ததும் ஆண் குதித்தோ பறந்தோ வேகமாக விலகிவிடும்.

ஆண் தன்னையே தியாகம் செய்கிறது என்று சிலர் அழகாக எழுதுவார்கள். அதையும் நான் ஏற்பதில்லை. 2006-இல் லெலிட்டோ, பிரவுன் என்ற ஆய்வாளர்கள், நன்றாகத் தின்ற பெண்களிடமும் பசியோடிருந்த பெண்களிடமும் ஆண்களைத் தனித்தனியே விட்டுப் பார்த்தார்கள். பசித்த பெண் எதிரில் இருந்தபோது ஆண்கள் இன்னும் மெதுவாக நெருங்கின. நாடிவரும் சைகைகளை அதிகமாகக் காட்டின. தாவுவதற்கும் ஆபத்துக் குறைந்த இடத்தைத் தேர்ந்தன. சாகத் துணிந்தவன் இவ்வளவு பாடுபட மாட்டான். அந்த ஆண் உயிர் பிழைத்து இன்னொரு பெண்ணையும் தேடிப் போகவே விரும்புகிறது.

அப்படியானால் தின்னும் கதை எங்கிருந்து வந்தது? கண்ணாடிச் சாடியிலிருந்து என்று சொன்னால் பெரிய தவறில்லை. அமெரிக்கப் பூச்சியியலாளர் லேலண்ட் ஹோவர்ட் 1886-இல் தாம் கண்டதை எழுதினார். நண்பர் ஒருவர் தனியே வளர்த்துவந்த பெண் கும்பிடுபூச்சியின் சாடிக்குள் அவர் ஓர் ஆணை விட்டார். ஆண் தப்பிக்க முயன்றது. பெண் பிடித்துத் தின்னத் தொடங்கியது. தின்னப்படும்போதே அது அவளோடு இணைசேர்ந்தது. கடைசியில் இறக்கைகள் மட்டுமே மிஞ்சின. பார்த்தவர் உண்மையைத்தான் எழுதினார். ஆனால் அந்தச் சாடிக்குள் ஆணுக்குப் பின்வாங்க இடமில்லை, காத்திருக்க நேரமில்லை, மறைய இலையில்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் படித்த நாட்களில் நானும் இதையே செய்தேன். வாயகன்ற ஒரு கண்ணாடிப் புட்டியில் பெரிய பச்சைப் பெண் ஒன்றை வைத்திருந்தேன். இரண்டு நாட்களாக அதற்கு இரை கிடைக்கவில்லை. துணையாக இருக்கட்டும் என்று, மெலிந்த பழுப்பு நிற ஆண் ஒன்றைப் பிடித்து உள்ளே விட்டேன். அது கண்ணாடியில் வழுக்கி வழுக்கி ஏறப் பார்த்தது. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் பெண்ணின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. நான் மூடியைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அது கொடுமைக்காரி என்று அன்று நானும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பசித்த வேட்டைக்காரிக்கு முன்னால், அசையாமல் இருக்க முடியாத இடத்தில் அந்த ஆணைக் கொண்டுவந்து விட்டது நான் என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

சாடிக்கு வெளியே, புல்வெளியிலும் புதரிலும் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களின் கணக்கு வேறு. இனத்துக்கு இனம் மாறினாலும், அங்கே நடக்கும் இணைசேர்தல்களில் ஆண் இரையாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவுதான். தின்னவே தின்னாத இனங்களும் இருக்கின்றன. ஆகவே என் அண்ணன் மகளிடம், "தின்னும் என்பது உண்மை, எப்போதும் தின்னும் என்பது பொய்" என்று சொன்னேன். அவள் உடனே, "பசிச்சா மட்டுமா?" என்று கேட்டாள். பெரும்பாலும் ஆம். வயிறு நிறைந்த பெண் ஆணைப் பிடிப்பது குறைவு. பட்டினி கிடந்தவள் பிடிப்பது அதிகம்.

பசிக்கும் காரணம் இருக்கிறது. பெண்ணின் வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் உருவாகவேண்டும். அவற்றுக்கான சத்து முழுவதும் அவள் பிடிக்கும் இரையிலிருந்துதான் வரவேண்டும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடையாளமிடப்பட்ட சத்துப்பொருளைக் கொண்ட சில்வண்டுகளை ஆண்களுக்கு ஊட்டி, அந்த அடையாளம் பிறகு எங்கே போகிறது என்று தேடினார்கள். தின்னப்பட்ட ஆண்களின் உடலிலிருந்த சத்து பெண்ணின் உடலுக்கும் அவள் முட்டைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆணைத் தின்ற பெண்கள் தின்னாதவற்றைவிட அதிக முட்டைகளையும் இட்டன. அந்த ஆண் பிழைத்திருந்தால் அதற்கு நல்லதுதான். பிழைக்காதபோது அதன் உடல் தன் பிள்ளைகளுக்கே உணவாகிறது.

தலையை இழந்த ஆண் தொடர்ந்து இணைசேர்வது எப்படி என்பதையும் அவள் விடாமல் கேட்டாள். பூச்சிகளின் உடலில் மூளை ஒன்றே எல்லாவற்றையும் ஆள்வதில்லை. உடல் நெடுக நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. இணைசேரும் அசைவுகளை வயிற்றின் கடைசி முடிச்சு நடத்துகிறது. தலையிலுள்ள ஒரு முடிச்சு அதை அடக்கி வைத்திருக்கிறது. தலை போனால் அடக்கும் கை போய்விடுகிறது. வயிறு தன் வேலையைத் தொடர்கிறது. கென்னத் ரோடர் 1935-இல் இதை விளக்கினார். தெரிந்துகொண்ட பின்பு இது எனக்கு முன்னைவிடக் குறைவாகவே அச்சமூட்டுகிறது.

இனங்களுக்குள் உள்ள வேறுபாடுகளை இன்னும் நிறையச் சொல்லலாம். மறக்க முடியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் வாழும் ஓர் இனத்தில், நன்றாகத் தின்ற பெண்களைவிடப் பட்டினி கிடந்த பெண்களையே அதிக ஆண்கள் தேடி வந்ததாக 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முட்டை மிகக் குறைவாகவே உள்ளவள் மணம் விட்டு இரையை வரவழைப்பதைப் போன்றது அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்று பரவிய ஓர் இனத்தில் ஆண் பதுங்குவதோடு நிற்பதில்லை. பெண் தன்னைப் பிடிக்கும் முன்பே தன் முன்னங்கால்களால் பெண்ணை அமுக்கிப் பிடித்து மல்லுக்கட்டுகிறது. முதலில் பிடித்தது பெண்ணானால் ஆண் பிழைப்பதில்லை. ஆண் முந்திக்கொண்டால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அந்த இனத்துப் பெண்ணால் ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கவும் முடியும். அமெரிக்காவில் காணப்படும் மற்றோர் இனத்தில் ஆண் என்பதே கிடையாது, எல்லாம் பெண்கள்தாம். மலர் போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பும் கொண்ட ஆர்க்கிட் கும்பிடுபூச்சியில் பெண் ஆறேழு சென்டிமீட்டர் நீளம் இருக்க, ஆண் அதில் பாதிகூட இருப்பதில்லை. பெண் மலராகவே நின்று தேனீக்களைத் தன்னிடம் வரவழைக்கிறது; ஆணோ யார் கண்ணிலும் படாத சிறிய உடலோடு அவளைத் தேடித் திரிகிறது.

இணைசேர்ந்து சில நாட்கள் கழித்துப் பெண் தண்டில் தலைகீழாக நின்று முட்டையிடுகிறது. முதலில் வயிற்றின் நுனியிலிருந்து சோப்பு நுரையைப் போன்ற ஒன்று வெளிவருகிறது. வயிற்று நுனியை இடமும் வலமுமாக அசைத்து அந்த நுரையை அடுக்கடுக்காக அமைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் முட்டைகளை வைக்கிறது. சற்று நேரத்தில் நுரை இறுகிப் பழுப்பு நிறக் கூடாகிவிடுகிறது. இனத்தைப் பொறுத்துச் சில பத்து முட்டைகளிலிருந்து சில நூறு முட்டைகள் வரை அதனுள் இருக்கும். பெரும்பாலான இனங்களில் தாய் அதோடு விலகிவிடும். தன் கூட்டின் மேலேயே படுத்துக் காவல் காக்கும் தாய்களும் சில இனங்களில் உண்டு. கொடியவள் என்று எழுதியவருக்கு இந்தத் தாய்களையும் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அண்ணன் வீட்டுத் தொட்டிச் செடி ஒன்றில் அப்படியொரு கூடு இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்பு அவள் அதைத் தினமும் பார்த்துவந்தாள். முந்தாநாள் காலை என்னைக் கைபேசியில் அழைத்து, ஓடி வரும்படி சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டின் நடுவரிசையிலிருந்து வெளிறிய மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மெல்லிய இழையில் தொங்கியபடி முதல் தோலைக் கழற்றி, கால்களை விரித்து, செடியில் ஏறிக்கொண்டது. ஓர் எறும்பைவிடப் பெரியதாக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் முக்கோணத் தலையும் மடக்கிய முன்னங்கால்களுமாக முழுமையான கும்பிடுபூச்சியாகவே இருந்தது. இறக்கை மட்டும் இல்லை. பல முறை தோலுரித்த பிறகுதான் அது வரும். விரைவில் கலைந்து போகாவிட்டால் ஒன்றையொன்று தின்னவும் கூடும் என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள்; இப்போது அவளுக்குக் காரணம் தெரியும்.

பிறகு அவள் ஆள்காட்டி விரலை இலைக்கு அருகில் கொண்டுபோய் அசையாமல் வைத்திருந்தாள். குஞ்சுகள் தம்பாட்டுக்கு நின்றன. விரல் நுனியை மெல்ல, ஒரே ஒரு முறை, இடப்பக்கம் நகர்த்தினாள். இலையில் இருந்த ஏழெட்டுத் தலைகளும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின.